மூன்றாவது தபால் பெட்டி

அன்புள்ள சார்,

ஒரு மாதமாக அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் கிட்டாரையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1928-ல் பாடியவர், 1963-ல் கண்டுபிடிக்கப்படும் வரை 35 வருடம் வயல்வேலை செய்து வீணாகப் போனாரே என்று மனசு ஆறவில்லை. இவ்வளவு சாந்தமாகப் பாடுகிறவரை, கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸின் கலைஞர் என்று சொல்லலாமா? எனக்கு 41 வயது. வேலை, குடும்பம் என்று கிட்டாரை விட்டுவிட்டேன். இப்போது ராத்திரியில் மகளைத் தூங்கவைக்க மட்டும் வாசிக்கிறேன். இனிமேல் மேடை ஏற நினைப்பதில் அர்த்தம் உண்டா? என்ன கிட்டார் வாங்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

கிட்டாரைக் கடையில் போய் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். ப்ளூஸா இல்லையா என்று பெட்டி பெட்டியாகப் பிரிப்பது பழைய ரெக்கார்டு விற்றவர்களின் கவலை, நமக்கு எதற்கு? ஆனால் ‘வீணாகப் போனார்’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. சில வாரங்களாக நானும் அந்த மனிதரையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். ஊர்க்காரரான வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார ஃபிடில்காரர் சிபாரிசு செய்ய, ஓகே என்ற ரெக்கார்டு கம்பெனி ஹர்ட்டை 1928 பிப்ரவரியில் மெம்பிஸுக்கும் டிசம்பரில் நியூயார்க்குக்கும் அழைத்துப் பதிவு செய்தது. ரெக்கார்டுகள் விற்கவில்லை, அடுத்து பொருளாதார வீழ்ச்சியும் வந்தது, அவர் ஊர் திரும்பி, பிறர் நிலத்தில் விளைச்சலில் பங்குக்குப் பயிர் செய்தார். நியூயார்க்கில் பதிவான ‘அவலான் ப்ளூஸ்’ பாட்டில் அவலான்தான் தன் ஊர் என்று அவரே பாடியிருந்ததை வைத்து, டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் 1963-ல் அங்கே கிளம்பிப் போனார். அன்றைய வரைபடங்களில் அந்த ஊரே இல்லை, பழைய அட்லஸ் ஒன்றில்தான் கிடைத்தது.

அங்கே ஒரு கடை வாசலில் நின்று, ஜான் ஹர்ட் என்று யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார். இந்த ரோட்டிலேயே போங்கள், மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்று கைகாட்டிவிட்டார்கள்.

அவ்வளவுதான், ர. இதற்குப் பெயர் கண்டுபிடிப்பா? கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் வீடு தெரியும். சனிக்கிழமை ராத்திரிகளில் அவர் வாசிப்புக்கு ஆடி வளர்ந்த ஊர் அது. தொலைந்திருந்தது ரெக்கார்டு சேகரித்தவர்களின் வரைபடத்தில்தானே ஒழிய, அவர் தன் வீட்டில்தான் இருந்தார். அவர் பட்ட வறுமையை நான் மறைக்கவில்லை. அன்று அவரிடம் சொந்தமாக ஒரு கிட்டார்கூட இல்லை. வந்தவரை எஃப்.பி.ஐ. என்ற மத்திய போலீஸ் ஆள் என்று பயந்திருக்கிறார். பயப்படாமல் என்ன செய்வார், அதே வருடம் ஜூனில், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மெட்கர் எவர்ஸை எவர்ஸின் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்ற மிசிசிப்பி மாநிலம் அது. அந்த அநியாயத்துக்காக அழுங்கள், நானும் கூட அழுகிறேன். மேடை கிடைக்காததற்காக அழாதீர்கள்.

அந்தக் கட்டைவிரலைக் கேளுங்கள். ஹாஸ்டலில் நண்பன் ஒரு கேசட் கொடுத்தான். கரண்ட் போன ராத்திரி, பேட்டரி டேப் ரெக்கார்டரில் போட்டோம். வாசிப்பது இரண்டு பேர் என்றே நினைத்தேன். இன்னொரு பெயர் இருக்குமோ என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை, ஒரே ஆள்தான். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி நடக்கிறது, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மேலே பாட்டை எடுக்கின்றன. பாட்டு தாளத்துக்கு முன்னே பின்னே நழுவினாலும் கட்டைவிரல் மட்டும் அசைந்துகொடுக்காது. நான் முயன்றபோது விரல் போகும் பக்கமெல்லாம் கட்டைவிரலும் கூடவே ஓடியது. பஸ்ஸில் டிபன் பாக்ஸ் மூடியில் தட்டித் தட்டி ஐந்து மாதம் பழகினேன், அப்படியும் பாதிதான் வந்தது. ஆடுகிறவர்களுக்கு டிரம் வேண்டும், டிரம் அடிக்க வேறு ஆள் இல்லை, அதனால் அவர் விரலே டிரம் ஆனது. ஆடுகிற கால்களைப் பார்த்துப் பார்த்துப் பதிந்த கை அது. 1928 பதிவையும் 1963-க்குப் பிந்தியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரலுக்கு வயதாகியிருக்கிறது, கட்டைவிரலுக்கு ஆகவில்லை.

அப்புறம் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடை, காபி ஹவுஸ்கள், புதிய ரெக்கார்டுகள் என்று மூன்று வருடம் ஓடியது. நல்ல வருடங்கள்தான். ஆனால் கடைசியில் மிசிசிப்பிக்கே திரும்பிவிட்டார். 1966 நவம்பர் 2 அன்று அங்கே கிரெனடா என்ற ஊரில் இறந்தார். அவருடைய சின்ன வீட்டைப் பேத்தி காப்பாற்றி மியூசியமாக்கி வைத்திருந்தார், 2024-ல் அதுவும் எரிந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மேடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூப்பிட்டால் போங்கள். ஆனால் மகளுக்கு வாசிப்பதை ‘மட்டும்’ என்று எழுதினீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எந்தப் பாட்டுக்குத் தூங்குகிறாள்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.