தி. சு. அவினாசிலிங்கம் யார்? பள்ளி நடத்தியவர் ஏன் சட்டமன்றத்துக்குப் போனார்?

திருப்பூரில் 1903-இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், விடுதலைப் போரில் சிறை சென்றவர். ஆனால் அவரைக் கல்வியாளர் என்று சொல்வதுதான் பொருத்தம். பாடம் நடத்துபவர் ஆசிரியர். எதை, யாருக்கு, எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று யோசித்து அதற்கான அமைப்பையே உருவாக்குபவர் கல்வியாளர்.

1930-இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியபோது இருந்தது ஒரே ஒரு மாணவன். ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுவன். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! இன்று கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் அந்த வளாகத்தைப் பார்ப்பவர்கள் அந்த ஒரு பையனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு அரசியல் எதற்கு? நம் ஊர்த் தோட்டத்தை வைத்தே சொல்கிறேன். சொந்தக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தால் நம் தோட்டம் நனையும். கடைமடை வரை தண்ணீர் போக வேண்டுமானால் வாய்க்கால் மதகைத் திறக்க வேண்டும். பள்ளி அந்தக் கிணறு. பாடத்திட்டமும் நிதியும் முடிவாகும் அரசு அந்த மதகு. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். அப்போது அவர் முன்னின்று அமைத்த தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் பின்னாளில் பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால், அவருடைய பதவிக்காலம் தமிழுக்குத் தந்த பெரிய கொடை அதுதான்.

பதவி வந்தபின் அந்தச் செல்வாக்கில் வித்யாலயத்தைத் தொடங்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். அமைச்சராவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது.