எல்லாக் கோவிலுக்கும் போகலாம், வாசலில் நிற்பவரை என்ன செய்வது? – கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோவில், தர்கா, சர்ச், பதி (அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் இடம்), நாத்திகர் கூட்டம் என்று வித்தியாசம் பார்க்காமல் போய் உட்காருகிறவன். அங்கெல்லாம் மாட்டும் சிக்கலான ஆட்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

தக்கலை, கல்லூரி மாணவி: சார், நான் இந்து. பீர்முகம்மது அப்பா தர்காவுக்குப் போக ஆசை. ஆனால் முன்பு வேறொரு இடத்தில் ஒரு பெரியவர் ‘எந்த ஊரு, யாரு மக’ என்று துளைத்து எடுத்துவிட்டார். அதனால் தயக்கம்.

தாராளமாகப் போங்கள் மக்களே. அப்பா தமிழில் பாடிய சூஃபி. அவருடைய ‘ஞானப்புகழ்ச்சி’ப் பாடல்களை ஆண்டு விழாவில் கூடியிருந்து பாடுவார்கள், அதைக் கேட்பதற்காகவே போகலாம்.

அந்தப் பெரியவருக்கு வருவோம். ‘எந்த ஊரு?’ ‘ஊருல எந்தப் பக்கம்?’ ‘அப்பா என்ன செய்யாரு?’ ‘அவரு பேரு?’ நாலாவது கேள்விக்குள் ஜாதி கைக்கு வந்துவிடும். நம்ம மாவட்டத்தில் இந்த விசாரணை கோவில் நடையிலும் உண்டு, சர்ச் முற்றத்திலும் உண்டு. ஜாதி ஒழிப்புக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுகூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கோபப்பட்டால் அவருக்குத்தான் லாபம், நாலு பேரைக் கூப்பிட்டுவிடுவார். ஊர்ப் பேரை மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் கேட்கத் தொடங்குங்கள்: “இங்க விழா எப்ப? இந்தத் தூண் எந்தக் காலத்துது?” இப்படி ஜாதி விசாரிக்கிற ஆள் பெரும்பாலும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லவும் துடிப்பவராகத்தான் இருப்பார். விசாரணையை மறந்து பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். சில சமயம் நல்ல பாடமாகவே இருக்கும். ஆனால் போன் நம்பர் மட்டும் கொடுக்காதீர்கள்.

இரணியல்: சுவாமித்தோப்புப் பதியில் சட்டையைக் கழற்றச் சொல்லி ஒருவர் அதட்டினார். இது என்ன சர்வாதிகாரம்?

அதட்டியது அவர் குணம். சட்டை கழற்றுவது பதியின் முறை. ஆண்கள் மேல்சட்டை இல்லாமல், தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் காலத்தில் (1809–1851) தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களைத்தான் அவர் கட்டச் சொன்னார். கருவறையில் நிலைக்கண்ணாடி இருக்கிறது, அடுத்த முறை அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதட்டியவர் முகம் மறந்துபோகும்.

கோட்டார்: பகுத்தறிவு வாசிப்பு வட்டத்துக்குப் போனேன். என் நெற்றித் திருநீறைப் பார்த்து ‘இன்னும் விடலியா’ என்று அரை மணி நேரம் கிண்டல்.

எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லுவார், தன் கிண்டலை மட்டும் சந்தேகப்படமாட்டார். அவர் கையில் இருக்கும் புத்தகத்தை இரவல் கேளுங்கள். ஆள் எப்படியோ, புத்தகம் நல்லதாக இருக்கும்.

குளச்சல்: ஒரு ஜெபக் கூட்டத்துக்கு ஒரே ஒரு நாள் போனேன். இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப் அழைப்பு.

நம்பர் கொடுத்தீர்கள் அல்லவா?

மார்த்தாண்டம்: சிதறால் மலையில் ஒரு பாட்டி பகவதியைக் கும்பிட வந்தார். கேமராவோடு வந்த ஒருவர், ‘இது சமணக் கோவில், நீங்க பிடுங்கினது’ என்று அவரிடமே சண்டைக்குப் போனார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

குழித்துறை (மேலே உள்ள கேள்விக்கு மறுமொழி): அங்கே இருப்பது பகவதிதான். சமணம் என்பதெல்லாம் இப்போது கிளப்பிவிடுவது.

குழித்துறைக்காரருக்கு முதலில். இப்போது கிளப்பிவிட்டது இல்லை ஐயா. பாறையில் சமண குருமார்களான தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் பார்சுவநாதர் தலைக்கு மேலே பாம்பு படமெடுத்து நிற்கிறது. இந்தப் பக்கம் ஆண்ட ஆய் வம்சத்து மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு. பகவதி கோவிலாக மாறியது 13ஆம் நூற்றாண்டு வாக்கில்.

குழித்துறை: அப்படியானால் பாட்டி கும்பிட்டது தப்பா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அதே கல்வெட்டில் ஒரு சமணப் பெண்துறவி அந்த மலையிலிருந்த தேவிக்குப் பொன்னணி கொடுத்த செய்தி வருகிறது. அம்மனைத் தேடி அந்த மலை ஏறுவது சமணர் காலத்திலேயே உண்டு.

மார்த்தாண்டம்: சார் இரண்டு பக்கமும் பேசுகிறார்.

கல்வெட்டில் உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் கேமராக்காரர் வரலாற்றைச் சரியாகப் படித்திருக்கிறார், அதைத் தப்பான ஆளிடம் சொன்னார். மூட்டுவலியோடு மலையேறி வந்த பாட்டியா 13ஆம் நூற்றாண்டுக்குப் பதில் சொல்ல முடியும்? பாட்டியைக் கைபிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், அவ்வளவுதான். நாகர்கோவில் நாகராஜா கோவில் தூண்களிலும் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே பால் ஊற்ற வருகிறவர்களிடமும் இப்படித் தகராறு செய்யப் போகிறீர்களா?

குழித்துறைக்காரர் இதற்குப் பிறகு ஏழு முறை எழுதியிருக்கிறார். சிதறால் பற்றி இனி இங்கே வேண்டாம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எந்த மதம் உண்மையானது?

என் துறை இல்லை.

வடசேரி: தியான வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஒருவர் தினமும் போன் செய்து…

குளச்சலுக்குச் சொன்னதுதான்.

தோவாளை: ஜாதகத்தில் குரு எட்டில் இருக்கிறார், நான் மாற்று மதத்து…

ஜோசியரிடம் கேளுங்கள். அவருக்கும் நம்பர் கொடுக்காதீர்கள்.

திருவட்டாறு: நான் கிறிஸ்தவன். நண்பர்களோடு சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போகலாமா? சிவன் கோவிலுக்கு ‘கோபாலா, கோவிந்தா’ என்று ஓடினால் யாராவது சண்டைக்கு வருவார்களா?

முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோவிலுக்கும் கோவிந்தன் பெயரைச் சொல்லி ஓடுவதுதான் மரபே. அதற்காகச் சண்டை பிடிக்கிறவர் வெளியூர்க்காரராக இருப்பார். பிற மதத்தவர் கொடிமரம் தாண்டக் கூடாது என்று பலகை இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், காவலாளியோடு தத்துவம் பேச வேண்டாம். வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுப்பார்கள், மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். மாசி வெயிலில் தார் ரோடு கொதிக்கும், அதனால் முடிந்த தூரத்தை ராத்திரியிலேயே ஓடிவிடப் பாருங்கள்.