விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

மேடவாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பக்கத்திலேயே கட்டி முடித்த அடுக்குமாடியில் டூ பெட்ரூம் பிளாட் பார்த்தோம். 65 லட்சம் சொல்கிறார்கள். பாதி வீடு விற்காமல் கிடக்கிறது. எங்கள் கையில் 20 லட்சம் இருக்கிறது. இப்போதே வாங்கலாமா, விலை இன்னும் இறங்கட்டும் என்று இருக்கலாமா?"

இந்த வாரமே அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. வாடகை தண்டச் செலவு, அதை இஎம்ஐயாகக் கட்டலாமே என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள், ஆனால் கணக்கைப் பாருங்கள்: உங்கள் வாடகை வருஷத்துக்கு 2.16 லட்சம், வீட்டு விலையில் 80 சதவீதமான 52 லட்சம் கடனை 8.5 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு வாங்கினால் முதல் வருஷம் வட்டி மட்டுமே ஏறக்குறைய 4.4 லட்சம். விலை ஏறாமல் நிற்கிற காலத்தில் ஒரு வருஷம் பொறுப்பதால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. அவசரமெல்லாம் விற்பவருக்குத்தான்.

அவருக்கு எவ்வளவு அவசரம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் சாயங்காலம் ஏழரைக்குப் போய் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் கீழே மீட்டர் பலகை. குடியிருக்கிற வீட்டு மீட்டரில் யூனிட் ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கும், பூட்டிக் கிடக்கும் வீட்டில் பத்து இருபதில் நிற்கும். பாதி மீட்டர் அப்படி நின்றால், பேரம் பேச உங்களுக்குத் தெம்பு வந்துவிடும்.

பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். பில்டர் சதுர அடி விலையைச் சட்டென்று குறைக்க மாட்டார், ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பதிலாக மாடுலர் கிச்சன் தருகிறேன், ஏசி தருகிறேன் என்பார். அதெல்லாம் வேண்டாம், விலையில் குறையுங்கள் என்று கேளுங்கள். விலை குறைந்தால் கடனும் குறையும், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போகாத வரை பத்திரச் செலவும் குறையும். தமிழ்நாட்டில் புது பிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை, முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். பணி நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு விற்கிற வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, கேட்டால் கொடுக்காதீர்கள்.

வட்டி இறங்கட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வங்கியின் மாறும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு கட்டியவை, பின்னால் இறங்கினால் உங்களுக்கும் இறங்கும். ஏறினால்தான் கஷ்டம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5க்குப் போனது. அதனால் உங்கள் வட்டி 2 சதவீதம் ஏறி 45,100 ரூபாய் இஎம்ஐ 51,900 ஆனாலும் கட்ட முடியுமா என்று இப்போதே யோசியுங்கள்.

உங்கள் விஷயத்தில் என்னை உறுத்துவது வீட்டு விலை இல்லை, அந்த 20 லட்சம்தான். இந்த அளவுக் கடனில் வங்கி 80 சதவீதத்துக்கு மேல் தராது. 65 லட்சத்துக்கு உங்கள் பங்கு 13, பத்திரம் 4.55. மிச்சம் இரண்டரை லட்சம்கூட இல்லை. வேலையில் ஒரு தடங்கல் வந்தால் நாலைந்து இஎம்ஐயோடு தீர்ந்துவிடும். 60 லட்சத்துக்கு இறங்கி வந்தால் கையில் 3.8 லட்சம் நிற்கும், இஎம்ஐ 41,700க்குள் அடங்கும். கப்போர்டு வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, பத்திரங்களை வக்கீலிடம் காட்டி, வாங்கிவிடுங்கள்.

இறங்கி வரவில்லையா, சரி, விடுங்கள். வாடகைக்கும் அந்த 45,100க்கும் உள்ள வித்தியாசம் 27,100. இந்த மாதத்திலிருந்து அதை வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டியில் போடுங்கள். ஒரு வருஷம் தடுமாறாமல் போட்டால் 3.25 லட்சம் சேர்ந்திருக்கும், இவ்வளவு இஎம்ஐ உங்களுக்குத் தாங்குமா என்பதும் தெரிந்திருக்கும். அப்போது மறுபடி போய் மீட்டரை எண்ணுங்கள்.