உயிர் வராத கணினி: சில கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் மேசைக் கணினிகளைப் பழுது பார்ப்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். இயங்கத் தொடங்காத கணினிகளைப் பற்றி நம் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். "ஆன் ஆகவில்லை" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும் அதற்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. எதுவுமே அசையாமல் கிடப்பது ஒன்று. விசிறி சுற்றியும் திரை இருண்டிருப்பது மற்றொன்று. சில வினாடிகள் ஓடி அணைந்துபோவது இன்னொன்று. திரையில் எழுத்து வந்தபின் விண்டோஸ் வராமல் நிற்பது நான்காவது. உங்களுடையது இவற்றில் எது என்று தெரிந்தால்தான் நான் உதவ முடியும்.

கேபினெட்டைத் திறக்கும் முன் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. சில வீடுகளில் சுவிட்ச் தவறாக நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருக்கும். அணைத்த பிறகும் பேஸ் கம்பியின் மின்னழுத்தம் உள்ளே நின்றுகொண்டிருக்கும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: பட்டனை அழுத்தினால் விளக்கு, விசிறி, சத்தம் எதுவும் இல்லை. நேற்று மாலை வரை நன்றாக ஓடியது. மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள்.

எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டைக் குறை சொல்லும் முன் அதற்கு மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். அதே பிளக்பாயிண்டில் வேறொரு விளக்கைச் செருகி எரிய வையுங்கள். மானிட்டருக்குப் போகும் பவர் கேபிளும் கணினிக்குப் போகும் கேபிளும் பெரும்பாலும் ஒரே வகை என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்ச் துடைக்கும்போது கைபட்டு அணைந்திருக்கக்கூடும். பிறகு ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பட்டனைப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இணைத்துப் பாருங்கள். இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, உடனே பட்டனை அழுத்திச் சோதியுங்கள். நான்கைச் சேர்த்துச் செய்தால் கணினி எழுந்தாலும் எதனால் எழுந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி படுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அதன் பிறகும் உயிர் வராவிட்டால் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் தேவை. மதர்போர்டில் செருகியிருக்கும் 24 முனை இணைப்பில் ஊதா நிறக் கம்பி ஒன்று இருக்கும். கணினி அணைந்திருந்தாலும், ப்ளக் சுவரில் இருக்கும் வரை அதில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்க வேண்டும், 4.75 முதல் 5.25 வரை சரியான அளவு. மீட்டரின் கறுப்பு முனையை ஏதாவதொரு கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை ஊதாவிலும் வைத்துப் பாருங்கள். அது குறைவாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் அந்த இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றி, தனியாக மறுபடி அளக்க வேண்டும். தனியாகவும் குறைவென்றால் எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி, மதர்போர்டு தப்பித்தது.

ஊதா சரியாக இருந்தால் பச்சைக் கம்பிக்குப் போங்கள். அதில் மூன்று முதல் ஐந்து வோல்ட் வரை இருந்து, பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் பட்டனையே சந்தேகியுங்கள். பவர் பட்டனின் இரட்டைக் கம்பியை மதர்போர்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் ஒரு கணம் தொட்டால் கணினி எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால், ரீசெட் பட்டனின் கம்பியை அங்கே செருகி அதையே பவர் பட்டனாகப் பயன்படுத்தலாம். ஒரு பைசா செலவில்லை. இத்தனையும் பார்த்த பிறகு மதர்போர்டைப் பற்றிப் பேசுவோம். ஊதாவின் அளவை எழுதுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட்டாக ஒரு பெரிய கெபாசிட்டரில் (மின்தேக்கியில்) தேங்குகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் அங்கேயே இருக்கும்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்திலிருந்து: டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் ஐந்தாறு முறை அழுத்தினால்தான் கணினி எழுகிறது. பதினோரு மணிக்கு மேல் ஒரே அழுத்தில் எழுந்துவிடுகிறது. மூடுபனியின் ஈரம் காரணமா?

ஈரத்தைவிடக் குளிரைத்தான் நான் சந்தேகிக்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் இருக்கும் உருளை வடிவக் கெபாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்கிறது. உலர்ந்த கெபாசிட்டருக்கு உள்தடை கூடுகிறது. குளிரில் அந்தத் தடை இன்னும் ஏறுகிறது. பட்டனை அழுத்திய முதல் கணத்தில் எல்லாப் பாகங்களும் சேர்ந்து மின்சாரத்தை இழுக்கும்போது, அந்தக் கெபாசிட்டரால் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. "மின்சாரம் சரி" என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு அனுப்பவேண்டிய சாம்பல் நிறக் கம்பியின் சமிக்ஞை வராமல் போகிறது. கணினி தொடங்க மறுக்கிறது. நீங்கள் மீண்டும் மீண்டும் அழுத்தும்போது அது சற்றே சூடேறுகிறது. ஆறாவது முறை எழுகிறது.

இதில் உங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கி அந்தக் கணினியைச் சேலத்துக்குக் கொண்டுவந்தால், இங்கே உள்ள வெயிலில் அது முதல் அழுத்திலேயே எழுந்துவிடும். பார்ப்பவர் கோளாறே இல்லை என்று திருப்பி அனுப்புவார். இப்படி இரண்டு முறை இறங்கி ஏறிய கணினி ஒன்றை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது முறை எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இரவு முழுவதும் குளிர்ச்சியான இடத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் புரிந்தது. ஆகவே கணினியைக் கீழே இறக்காதீர்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி, அதிகாலையில், அதே அறையில் போட்டுப் பாருங்கள். மதர்போர்டில் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

இடி மழைக் காலத்தில் ப்ளக்கோடு இணையக் கேபிளையும் பிடுங்கிவையுங்கள். மின்னலின் பாய்ச்சல் அந்தக் கேபிள் வழியாகவும் வரும்.

அம்மாப்பேட்டை, விசைத்தறிக் கூடத்திலிருந்து: எழுந்து பத்து வினாடியில் அணைந்துவிடுகிறது. மறுபடி எழுகிறது, மறுபடி அணைகிறது.

ப்ராசசரின் மேலிருந்து அதன் வெப்பத்தை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்கைப் பாருங்கள். தறிக்கூடத்துப் பஞ்சு அதன் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்திருக்கும். அல்லது அதைப் பிடித்திருக்கும் நான்கு கால்களில் ஒன்று கழன்றிருக்கும். சூடேறும் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுற்றிக் கெட்டுப்போகும். ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதியதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள்.

ஓமலூர் மாணவர்: புதிதாக நானே பொருத்திய கணினி. ரைசன் 5 5600. விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் எதுவும் வரவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு பிறகு வாங்கலாம் என்று இருக்கிறேன்.

தம்பி, அந்த ப்ராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. பெயரின் இறுதியில் ஜி இருக்கும் 5600ஜி போன்றவற்றில்தான் உண்டு. கார்டு வரும் வரை திரை வராது. உங்கள் வேலையில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

சூரமங்கலத்திலிருந்து: விசிறி சுற்றுகிறது, பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது, திரை வரவில்லை.

பீப் ஒலியின் பொருள், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்குப் பயாஸ் மாறும். ஆனால் இந்த அறிகுறிக்கு முதலில் தற்காலிக நினைவகமான ராமைத்தான் பார்க்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துடைத்து, இருபுறக் கொக்கியும் பிடிக்கும் வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, முலாம் பூசும் தொழிலாளர்: ரப்பரால் தேய்க்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முலாம் எவ்வளவு மெல்லியது என்பது என் கைக்குத் தெரியும். தேய்த்தபின் பளபளப்பது அழுக்குப் போனதால் மட்டுமல்ல, முலாமும் கொஞ்சம் போனதால்தான்.

ஐயா, உங்கள் கருத்தை மதிக்கிறேன். அந்த முனையில் செம்பின் மேல் நிக்கலும் நிக்கலின் மேல் தங்கமும் பூசப்பட்டிருக்கின்றன. தங்கத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆனால் அது நகைத் தங்கம்போல் மிருதுவானதன்று. செருகிக் கழற்றுவதைத் தாங்குவதற்காகக் கோபால்ட்டோ நிக்கலோ சிறிதளவு சேர்த்துக் கடினமாக்கப்பட்டது. பேனா மையை அழிக்கும் ரப்பரில் சொரசொரப்பான பொடி இருப்பதால் அதைத் தொடவே கூடாது. மிருதுவான பென்சில் ரப்பரை நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு கணினிப் பழுதுபார்ப்பவர்: நானும் பதினைந்து ஆண்டுகளாக ரப்பர்தான் போடுகிறேன். பத்துக்கு எட்டுக் கணினி எழுந்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டை, முலாம் பூசும் தொழிலாளர்: கழற்றினீர்கள், தேய்த்தீர்கள், திரும்பச் செருகினீர்கள். மூன்று வேலை செய்துவிட்டு, நடுவில் உள்ளதுதான் குணப்படுத்தியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்று அஸ்தம்பட்டிக்காரருக்கு எழுதியது, இங்கே பதில் எழுதும் நீங்கள்தானே?

நீங்கள் கேட்பது நியாயம். என் விதியை நானே மீறியிருக்கிறேன். ராமைச் செருகும்போது அதன் முனையும் உள்ளே உள்ள உலோக நாக்கும் ஒன்றையொன்று உரசித் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்கின்றன; செருகியின் அமைப்பே அதற்காகத்தான். எனவே ரப்பர் இல்லாமலே அந்த எட்டில் பல எழுந்திருக்கும். குகை நண்பருக்கும் சொல்கிறேன்: தங்கம் கறுப்பதில்லை, முனையில் கறுப்பாகத் தெரிவது ஒன்று விரல் பிசுக்கும் தூசியும், அல்லது முலாம் விட்டுப்போன இடத்தில் கீழுள்ள உலோகம். பிசுக்கைப் போக்க ரப்பர் தேவையில்லை. முலாம் போன இடத்தை ரப்பர் திருப்பித் தராது.

சூரமங்கலத்து நண்பர் என் முந்தைய பதிலைக் கைவிட்டு இப்படிச் செய்யட்டும். ராமைக் கழற்றி, எதையும் தேய்க்காமல், இரண்டு மூன்று முறை செருகி எடுத்து, சோதிக்கவும். எழாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மறுபடி சோதிக்கவும். அதற்கும் எழாமல், கண்ணுக்குக் கறை தெரிந்தால் மட்டும் ரப்பர்.

முலாம்காரர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டறையில் கணினி இருந்தால், மெருகு போடும் மோட்டாருக்கு அருகில் வைக்காதீர்கள். பஞ்சு காற்றை மட்டும்தான் அடைக்கும். வெள்ளித் தூள் மின்சாரத்தைக் கடத்தும்.

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலையின் கணக்கு அலுவலகத்திலிருந்து: பூட் டிவைஸ் இல்லை என்று ஆங்கிலத்தில் வருகிறது. கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் காட்டுகிறது. விண்டோஸை மறுபடி போட்டுவிடலாமா?

போடாதீர்கள். கடிகாரம் பின்னால் போனதிலிருந்து மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது தெரிகிறது. அதோடு பயாஸின் அமைப்புகளும் மாறி, ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் முறையோ, எதிலிருந்து தொடங்குவது என்ற துவக்க வரிசையோ பழைய நிலையில் இல்லாமல் போயிருக்கலாம். 3 வோல்ட் பேட்டரியை மாற்றி, அந்த இரண்டையும் பயாஸில் சரிசெய்யுங்கள். கணக்குகள் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றின் நகல் வேறிடத்தில் இல்லையென்றால், எழுந்ததும் முதல் வேலையாக அதை எடுங்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. என்ன செய்வது?

அஸ்தம்பட்டிக்கு எழுதிய பதிலை முதலிலிருந்து படியுங்கள்.

வாழப்பாடியிலிருந்து: எனக்கும் அதே கோளாறு. யுபிஎஸ் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது.

அதே கோளாறு இல்லை. யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் இணையுங்கள். எழுந்தால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள்.

மேட்டூரிலிருந்து: மடிக்கணினி ஆன் ஆகவில்லை.

மடிக்கணினி என் துறை இல்லை. அதைத் திறந்து பழகியவரிடம் காட்டுங்கள்.

ஐந்து ரோட்டிலிருந்து: ஹார்டு டிஸ்க் "கடக் கடக்" என்கிறது, விண்டோஸ் வரவில்லை. பத்து முறை முயன்றுவிட்டேன். குழந்தைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதினோராவது முறை முயலாதீர்கள். அந்த ஒலி, உள்ளே படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பதைக் காட்டுகிறது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டின் பரப்பு கீறப்படலாம். டிஸ்க்கைக் கழற்றி அப்படியே எடுத்துவையுங்கள்; தூசியற்ற அறை வைத்துத் தகவல் மீட்பவர்களிடம் மட்டும் கொடுங்கள். படங்கள் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகுதான் மற்றவர் கை அதில் படலாம்.

அஸ்தம்பட்டியிலிருந்து மீண்டும்: ஊதாவில் 3.1 வோல்ட். மதர்போர்டிலிருந்து கழற்றித் தனியாக அளந்தாலும் 3.1 தான்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றுங்கள். இப்போதுள்ளதன் வாட் அளவுக்குக் குறையாததாக வாங்குங்கள். 24 முனை இணைப்போடு ப்ராசசருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 முனை இணைப்பையும் செருக மறக்காதீர்கள். புதியதில் ஊதாவை ஒரு முறை அளந்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள்.