அட்டெண்டர் இல்லாத வார்டு

லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு தாத்தாவை மறுநாள் டிஸ்சார்ஜ் என்று ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டார்கள். படி ஏறுவாரா என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா அக்கா என்று கேட்டிருந்தாய். நர்ஸ் வேலைக்காகச் சென்னையிலிருந்து இங்கிலாந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன். நானும் பெரம்பூர்க்காரிதான். வந்து சில வருடம் ஆகிறது.

விசா பயத்தை முதலில் தள்ளி வை. நோயாளிக்காகக் கேள்வி கேட்டதால் விசா போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மாறாக, இங்கே நர்ஸுகளின் பதிவைப் பார்க்கும் என்.எம்.சி.யின் நடத்தை விதிகளில் 3.4 என்று ஒன்று இருக்கிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவருக்கு நீ அட்வகேட்டாக இருக்க வேண்டும் என்கிறது. (நம்ம ஊர் என்.எம்.சி. டாக்டர்களுக்கானது, குழப்பிக்கொள்ளாதே.) அட்வகேட் என்றதும் எனக்கு ஹைகோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டோடு டீ குடிப்பவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். வாதாடத் தெரிய வேண்டும் போல என்று பயந்தேன்.

வடசென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே நோயாளிக்காகப் பேசுகிற ஆள் யார் தெரியுமா? அட்டெண்டர்தான், அதாவது நோயாளியோடு தங்கும் சொந்தக்காரர். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் அந்த மாமியார், அந்த மகள். "சிஸ்டர், ட்ரிப்ஸ்ல ரத்தம் ஏறுது", "சிஸ்டர், அப்பா மூச்சு ஒரு மாதிரி இழுக்குது" என்று ராத்திரி இரண்டு மணிக்கும் வந்து நிற்பார்கள். எரிச்சலாக இருக்கும். எங்கள் சீனியர் சிஸ்டர் ஒருவர் மட்டும் ஒருநாளும் எரிச்சல்பட மாட்டார். அட்டெண்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கேஸ் ஷீட்டை மற்றவற்றுக்கு மேலே வைத்துவிடுவார். ரவுண்ட்ஸில் சீஃப் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாலும் இவர் நகரமாட்டார். "சார், இந்தப் பெரியவர் காலையிலிருந்து யூரின் போகலை" என்பார், தரையைப் பார்த்துக்கொண்டே. சீஃப் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

இங்கே கட்டிலுக்குக் கீழே பாய் கிடையாது. விசிட்டிங் நேரம் முடிந்தால் வார்டு அமைதியாகிவிடும். அந்த அமைதியை நம்பிவிடாதே. அந்த மாமியார் பார்த்த வேலையையும் நீதான் பார்க்க வேண்டும்.

என் முதல் வருடத்தில், நைட் டியூட்டியில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர். மூச்சு 22, நாடி 104, ஆக்ஸிஜன் 95. பிரஷரும் காய்ச்சலும் சரி. நோயாளி எவ்வளவு மோசம் என்று எண்ணில் சொல்லும் நியூஸ்-2 கணக்குப்படி மொத்தம் 4. எட்டு மணிக்குக் கிளம்பும்போது மகள், "அம்மா என்னைத் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, நேத்து இப்படி இல்லை" என்றாள். வயசாகிவிட்டது, அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். பத்து மணிக்கு மறுபடி பார்க்கும்போதுதான் உறைத்தது. புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டுமே 3. அப்போது மொத்தம் 7. ஐந்துக்கே அவசரமாக டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஏழு என்றால் எமர்ஜென்சி.

டாக்டருக்குப் போன் செய்தேன். வேறு வார்டில் மாட்டியிருந்தார், அப்புறம் வருகிறேன் என்றார். சென்னைப் பழக்கத்தில் "ஓகே டாக்டர்" என்று வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் கை ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டு, "ஸ்கோர் 7, நேற்று தெளிவாக இருந்தவர், எனக்குக் கவலையாக இருக்கிறது, எத்தனை மணிக்கு வருவீர்கள்? முடியாதென்றால் அவுட்ரீச் டீமைக் கூப்பிடுகிறேன்" என்றேன். (மோசமாகும் நோயாளியைப் பார்க்க வார்டுக்கே வரும் தீவிர சிகிச்சைக் குழு அது.) குரல் நடுங்கியது. பத்து நிமிடத்தில் வந்தார், கோபப்படவும் இல்லை. யூரின் இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துக்கு ஏறியிருந்தது. இரண்டு போனையும் நேரத்தோடு நோட்ஸில் எழுதினேன். அவ்வளவுதான் வாதம்: எண், கவலை, நேரம், கையெழுத்து.

அந்த மகள் சொன்னதை எட்டு மணிக்கே எடுத்திருக்க வேண்டும் என்பது இன்றும் உறுத்துகிறது. மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021-இல் செப்சிஸில், அதாவது நோய்த்தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கியதில், இறந்தாள். பெற்றோர் கவலைப்பட்டுச் சொன்னதை டாக்டர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெற்றோர் போராடியதால்தான் 2024-இலிருந்து மார்த்தா விதி வந்தது: குடும்பத்தாரே நேராக அவசரக் குழுவைக் கூப்பிடலாம். உன் ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த நம்பரைக் குடும்பத்தாருக்கு நீயே எடுத்துச் சொல்.

இன்னொன்று. தமிழ் நோயாளி வந்தால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். வலி, தண்ணீர், பாத்ரூம் எல்லாம் தாராளமாகப் பேசு. ஆபரேஷன் சம்மதம் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேள். பெற்ற மகனையும் நிறுத்தாதே, அப்பா பயப்படுவார் என்று பாதியை விழுங்கிவிடுவான்.

எல்லோரும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன். கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது என்று பெட் மேனேஜர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். உன் தாத்தா இன்னும் வார்டில் இருந்தால், நாளைக் காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே பிசியோவைப் பிடித்து, படி ஏற வைத்துப் பார்த்தீர்களா என்று கேள். வீட்டில் யார் இருக்கிறார்கள், கடைக்கு யார் போவார்கள் என்று தாத்தாவிடமே கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வை. கிளம்பிவிட்டார் என்றால் சார்ஜ் நர்ஸிடம் சொல்லி, இன்றைக்கே வீட்டுக்கு ஒரு போன் போடு.