கேளுங்கள், சொல்கிறேன்: மோவானா 2 பாட்டா, என்காண்டோ பாட்டா?

கேள்வி: என் பிள்ளைகள் மோவானா 2, என்காண்டோ என்ற டிஸ்னி கார்ட்டூன் படங்கள் இரண்டையும் விடாமல் பார்க்கிறார்கள். எதில் பாட்டு உசத்தி? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: என் ஓட்டு 2021இல் வந்த என்காண்டோவுக்குத்தான். காணாமல்போன புரூனோ மாமாவைப் பற்றிய அந்தப் பாட்டைக் கேளுங்கள். புரூனோவின் அக்கா தங்கையில் ஒருத்தியான பேப்பா தன் கல்யாண நாள் கதையைச் சொல்ல, புருஷன் ஃபீலிக்ஸ் குறுக்கே குறுக்கே எடுத்துக்கொடுக்கிறார். நம்ம ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுப் புலவருக்குப் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவாரே, அதே சுகம்! ஆளுக்கொரு மெட்டு, முடிவில் எல்லா மெட்டும் ஒரே நேரத்தில் ஒலித்தும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. அந்த வீட்டின் பயம் மொத்தமும் ஒரே பாட்டில் வந்துவிடுகிறது. 2022இல் அது அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது நியாயம்தான்.

எழுதியவர் லின் மானுவல் மிராண்டா. 2016இல் வந்த முதல் மோவானாவிலும் அவர் பங்கு பெரிது. 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை. அபிகெயில் பார்லோ, எமிலி பேர் என்ற இரண்டு இளம்பெண்கள் எழுதினார்கள். பாட்டு கேட்க இனிமைதான். ஆனால் முதல் பாகத்தில் கடலா, தீவா என்று நாயகி மோவானா தவித்த தவிப்பு இதில் இல்லை.

அடுத்த தடவை புரூனோ பாட்டு ஓடும்போது, பேப்பாவின் மகள் டொலோரஸின் கிசுகிசுக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் அசந்துபோவார்கள்.