சாப்ட்வேர்ல சரியா இருக்கு, லெட்டர்ல மட்டும் ஏன் இப்படி வருது?

கேள்வி: சார், நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கஸ்டமர் விவரம் எல்லாம் ஒரு காண்டாக்ட் சாப்ட்வேர்ல ஏத்தி வெச்சிருக்கேன், 600 பேருக்கு மேல இருக்காங்க. பொங்கலுக்கு ஒவ்வொருத்தருக்கும் பேர் போட்டு ஒரு வாழ்த்து, கூடவே பிரீமியம் தேதி ஞாபகப்படுத்தி ரெண்டு வரின்னு அனுப்பலாம்னு அதுல இருந்து சிஎஸ்வி ஃபைல் எடுத்து வேர்டுல மெயில் மெர்ஜ் போட்டேன். தமிழ்ப் பேரெல்லாம் கிறுக்கலா வருது, செல் நம்பர் 9.19இ+11னு வருது, சில பேருக்கு கதவு எண் வெறும் 0, தேதி வேற தலைகீழ். சாப்ட்வேர் கம்பெனில கேட்டா வேர்டு மேல பழி போடுறாங்க, கம்ப்யூட்டர் கடைக்காரர் சாப்ட்வேரையே மாத்துங்கறார். யார் சொல்றது சரி?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல. உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன், அந்த சிஎஸ்வி ஃபைல எடுத்த உடனே "எல்லாம் வந்திருக்கா பாப்போம்"னு டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறந்தீங்கதானே, மூடும்போது சேவ் பண்ணவான்னு கேட்டதுக்கு சரின்னும் அமுக்கிட்டீங்கதானே? பாதி கூத்து அங்கயே முடிஞ்சுபோச்சு. சாப்ட்வேர் சரியாத்தான் கொடுத்திருக்கும், வேர்டு தனக்கு வந்தத காட்டுது, நடுவுல தரகர் மாதிரி எக்செல் வந்து அதுவா ஒரு அர்த்தம் பண்ணிக்குச்சு.

சிஎஸ்விங்கறது வெறும் எழுத்தும் கமாவும்தான், இது போன் நம்பர் இது தேதின்னு அதுல எங்கயும் எழுதியிருக்காது. 91ல ஆரம்பிக்கிற 12 இலக்க நம்பர பாத்ததும் எக்செல் அத ஒரு பெரிய எண்ணுன்னு எடுத்துக்கிட்டு அறிவியல் புத்தகத்துல வர்ற மாதிரி சுருக்கிக் காட்டும். பாத்துட்டு அப்படியே மூடியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, ஆனா சிஎஸ்வியாவே சேவ் பண்ணா திரையில என்ன தெரிஞ்சுதோ அதுதான் ஃபைல்ல ஏறும், கடைசி இலக்கமெல்லாம் போனது போனதுதான். 0424னு ஆரம்பிச்சு நடுவுல கோடு போடாம எழுதின லேண்ட்லைன் நம்பர் இருந்தா முன்னாடி இருந்த பூஜ்யமும் போயிருக்கும், பாருங்க. அதனால அந்த ஃபைல ஒட்டுப்போட்டு சரி பண்ண உக்காராதீங்க, தூக்கிப் போட்டுட்டு சாப்ட்வேர்ல இருந்து புதுசா ஒண்ணு எடுங்க.

தமிழ் கிறுக்கலா வர்றதுக்கு காரணம் வேற. யுனிகோட் தமிழ, அதாவது எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான தமிழ, யுடிஎஃப்-8ங்கற சேமிப்பு முறையில எழுதுறப்ப ஒரு எழுத்துக் குறிக்கு 3 பைட் (கம்ப்யூட்டர் சேமிக்கிற சின்ன அளவு) ஆகும். "தமிழ்"ங்கறது கம்ப்யூட்டர் கணக்குல த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளின்னு 5 குறி, ஆக 15 பைட். இது யுடிஎஃப்-8தான்னு சொல்ற அடையாளம் ஃபைலோட தலையில இல்லேன்னா, டபுள் கிளிக்ல திறக்குற எக்செல் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி இங்கிலீஷ் எழுத்தா எடுத்துக்கும், அதான் ஒரு பேரு ஒரு முழம் நீளத்துக்கு மேல கொம்பு வெச்ச எழுத்தா வந்து நிக்குது.

இப்ப செய்ய வேண்டியது. எக்செல்ல காலி ஷீட்ட திறந்துட்டு டேட்டா டேப்ல ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியா ஃபைல கொண்டு வாங்க. ஃபைல் ஒரிஜின்ல 65001 யுனிகோட் யுடிஎஃப்-8, பக்கத்துல டேட்டா டைப் டிடெக்‌ஷன்ல "டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்". இந்த ரெண்டாவதுதான் முக்கியம், எக்செல்லோட அதிகப்பிரசங்கித்தனத்த நிறுத்துற சுவிட்சு அதுதான், நம்பரும் தேதியும் எப்படி இருந்துச்சோ அப்படியே எழுத்தா வந்து உக்காரும். தலைப்பு வரி காலம்1, காலம்2ன்னு (காலம்னா மேலிருந்து கீழா போற பத்தி) வந்தா டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாக்குள்ள போய் யூஸ் ஃபர்ஸ்ட் ரோ அஸ் ஹெடர்ஸ் கொடுங்க, அப்ப வலதுபக்கம் "சேஞ்ச்டு டைப்"னு ஒரு ஸ்டெப் தானா முளைக்கும், அத அழிச்சிருங்க, இல்லேன்னா பழைய குருடி கதவ திறடிதான். அப்புறம் எக்செல் ஃபைலா சேவ் பண்ணி, எக்செல்ல மூடிட்டு, வேர்டுல அந்த ஃபைல காட்டுங்க.

கதவு எண் 0 ஆன கதைக்கு வர்றேன், எனக்கே இது பிடிபட ரொம்ப நாள் ஆச்சு. வேர்டு எக்செல்ல நேரா படிக்கிறதில்ல, ஒரு டிரைவர், அதாவது நடுவுல நின்னு படிச்சுக் கொடுக்குற குட்டி புரோகிராம் மூலமா படிக்குது, அந்த டிரைவர் வழக்கமா முதல் 8 வரிய பாத்துட்டு இந்த காலம் நம்பரா எழுத்தான்னு முடிவு கட்டிரும். உங்க லிஸ்ட்ல முதல் 8 பேரோட கதவு எண் 12, 45ன்னு வெறும் நம்பரா இருந்து ஒன்பதாவது ஆள் "12/3ஏ, பழைய எண் 7"ன்னு வந்தா அவருக்கு 0 இல்லேன்னா வெத்திடம். நம்ம ஊரு கதவு எண்ண அந்த டிரைவர் பண்ணவன் பாத்திருக்க மாட்டான்! மேல சொன்ன மாதிரி எல்லாத்தையும் எழுத்தா கொண்டு வந்தா இதுவும் சேந்தே சரியாயிரும்.

தேதி அப்பவும் மாதம் முன்னாடி வந்துச்சுன்னா உங்க ஷீட்ல அது நிஜ தேதியா இருக்குன்னு அர்த்தம். வேர்டுல ஆல்ட்டும் எஃப்9-ம் அமுக்குனா ஃபீல்டு கோடு, அதாவது விவரம் வந்து விழுற இடத்தோட குறியீடு தெரியும், ஃபீல்டு பேருக்குப் பின்னாடி ஒரு இடம் விட்டு பேக்ஸ்லாஷ், அட் குறி, அப்புறம் மேற்கோளுக்குள்ள ரெண்டு சின்ன டி, சாய்கோடு, ரெண்டு பெரிய எம், சாய்கோடு, நாலு சின்ன ஒய். எம் கண்டிப்பா பெரிய எழுத்து, சின்ன எம் போட்டா அது நிமிஷக் கணக்கு, மாதம் இருக்க வேண்டிய இடத்துல 00 நிக்கும்.

600 லெட்டரையும் ஒரேடியா பிரிண்டருக்கு தள்ளிராதீங்க. எடிட் இண்டிவிஜுவல் டாகுமெண்ட்ஸ்ல 1 முதல் 10 வரைக்கும் மட்டும் போட்டு, அதுல கதவு எண் சிக்கலான ஆள் ஒருத்தராவது வர்ற மாதிரி பாத்துக்கிட்டு, சரியா இருந்தா மிச்சத்த போடுங்க.

கேள்வி: ஆபீஸ்ல புது லேப்டாப் வாங்கினோம். பழசுல வேர்டு மேல எங்க காண்டாக்ட் சாப்ட்வேரோட பட்டன் இருக்கும், அமுக்குனா அட்ரஸ் வந்து விழும். புதுசுல அந்த பட்டனே இல்ல. மூணு தடவ இன்ஸ்டால் பண்ணியாச்சு.
- வக்கீல் ஆபீஸ் கிளார்க், தஞ்சாவூர்

பதில்: முப்பது தடவ பண்ணாலும் வராதும்மா, அநேகமா. வேர்டு 32-பிட், 64-பிட்னு ரெண்டு வகையா வருது. வேர்டுல ஃபைல், அக்கவுண்ட், அபௌட் வேர்டு போய் மேல் வரிய படிங்க, 64-பிட்னு இருக்கும்னு நினைக்கிறேன். ஆபீஸ் 2010லயே 64-பிட் வந்துருச்சு, ஆனா அப்ப சாதாரணமா ஏறுறது 32 தான், 2019 பதிப்புல இருந்து நீங்க எதுவும் சொல்லலேன்னா 64 ஏறிரும். அந்த பட்டன் ஒரு ஆட்-இன், அதாவது வேர்டோட ஒட்டிக்கிற துணை புரோகிராம், 32-பிட்டுக்குன்னு பண்ண ஆட்-இன் 64-பிட் வேர்டுக்குள்ள ஏறவே ஏறாது. முதல்ல சாப்ட்வேர் கம்பெனில 64-பிட் ஆட்-இன் இருக்கான்னு கேளுங்க, இல்லேன்னு சொன்னா ஆபீஸ மொத்தமா எடுத்துட்டு 32-பிட்ட போடணும். ஒருவேளை அபௌட்ல 32னே இருந்தா ஆப்ஷன்ஸ்ல ஆட்-இன்ஸ் போய் கீழ மேனேஜ்ல டிஸேபிள்டு ஐட்டம்ஸ பாருங்க, ஒரு தடவ கிராஷ் ஆனதுக்கு வேர்டே கோவிச்சுக்கிட்டு அத அங்க தள்ளியிருக்கும்.

கேள்வி: 2003ல இருந்து பாமினி எழுத்துருல அடிச்ச முகவரி 2000 இருக்கு. சிஎஸ்வி ஃபைலா எடுத்து வேர்டுக்கு கொண்டு வந்தா இங்கிலீஷ் எழுத்தா வருது.
- அச்சகக்காரர், சிவகாசி

பதில்: அண்ணே, அது உள்ளுக்குள்ள எப்பவுமே இங்கிலீஷ்தான், பாமினி மேல போட்ட தமிழ்ச் சட்டை. "தமிழ்"னு நீங்க அடிச்சது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன், அவ்வளவுதான். சிஎஸ்வியில எழுத்துரு போகாது, சட்டை கழண்டுருது. இன்னைக்கே கவர் அடிச்சாகணும்னா மெர்ஜ் ஃபீல்ட செலக்ட் பண்ணி பாமினி எழுத்துரு கொடுங்க, தமிழா தெரியும். நிரந்தரமா வேணும்னா என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல யுனிகோடா மாத்திருங்க, ஆனா பேர் காலத்தையும் முகவரி காலத்தையும் மட்டும் காப்பி பண்ணி மாத்துங்க, ஃபைல முழுசா கொடுத்தா ஈமெயில் முகவரியையும் சேத்து தமிழாக்கி வெச்சிரும்.